சேவலின் கழுதைக் காதுகள்

துஷாந்தினி வாரத்தில் ஆறு நாள் பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே ஸனூஸ் நானாவின் போன் கடையில் உடைந்த கண்ணாடிகளை மாற்றுவாள். ஏழாம் நாள் அட்டையாகிவிடுவாள்.

மழைக்காலத்தில் தேயிலை மலையில் காலில் ஏறுமே, அதே அட்டைதான். கணினித் திரையில் அவளுக்கென்று அப்படி ஓர் உருவம் இருந்தது. கரும்பச்சை உடம்பு, பெரிய கண்கள், முதுகில் ஒரு சின்னக் கொழுந்துக் கூடை. கேமராவுக்கு முன்னால் துஷாந்தினி சிரித்தால் அட்டை சிரிக்கும். அவள் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்க்கும். இப்படி முகத்தைக் காட்டாமல், வரைந்த உருவத்துக்குப் பின்னால் இருந்து பேசி விளையாடி ஒளிபரப்புகிறவர்களை வி-டியூபர்கள் என்கிறார்கள். அட்டையை வரைந்து கொடுத்தவள் இஸ்ரா, ஸனூஸ் நானாவின் மகள். முதலில் அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"முயல், மான் எண்டு ஏதாவது சொல்லுங்க அக்கா. யாராவது அட்டையப் பாத்து ஆசப்படுவாங்களா?"

"மான எல்லாரும் வச்சிருக்காங்க. அட்டைய ஒருத்தரும் வைக்கல. அதோட நான் வண்டி ஓட்டுறதும் அட்டை மாதிரித்தான். முன்னால போறவன ஒட்டிக்கிட்டே போயி, கடைசில முந்திருவேன்."

இஸ்ரா சிரித்துவிட்டு வரைய உட்கார்ந்தாள்.

வண்டி என்றது கார்ட் பந்தய விளையாட்டை. சின்னச் சின்ன வண்டிகள் வளைந்து நெளிந்த பாதையில் ஓடும். முன்னால் போகும் வண்டியின் முதுகோடு ஒட்டிப் போனால் காற்று தடுக்காது, வேகம் கூடும். வழியில் மிதக்கும் பெட்டிகளை உடைத்தால் வேகம் கூட்டும் ராக்கெட்டோ, பின்னால் வருபவரைச் சறுக்கவைக்கும் எண்ணெயோ கிடைக்கும். மிகவும் பின்தங்கியவருக்குத்தான் மிக நல்ல பெட்டி. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் யாரோ, இரக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

தமிழ் பேசும் வி-டியூபர்கள் ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டில் ஒரு போட்டி நடத்துவார்கள். சென்னை, டொரன்டோ, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து வருவார்கள். சீட்டுக் குலுக்கி இரண்டு இரண்டு பேராக அணி சேர்ப்பார்கள். இறுதிச் சுற்றில் மூன்று ஓட்டம். மூன்றிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை.

ஆனால் பார்க்கிறவர்கள் காத்திருப்பது கோப்பைக்காக அல்ல, கடைசி ஓட்டத்தின் இரண்டு வழக்கங்களுக்காக. அந்த ஓட்டத்தில் முதலில் வருபவர் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஓர் ஊரின் பெயரை வைக்கலாம். அதனால்தான் இந்த ஆண்டுப் போட்டியின் பெயர் தூத்துக்குடிக் கோப்பை. கடைசியாக வருபவரின் உருவத்துக்கு ஒரு ஜோடிக் கழுதைக் காதுகளை ஒட்டிவிடுவார்கள். அடுத்த போட்டிவரை அதைக் கழற்றக்கூடாது.

துஷாந்தினிக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.

போன ஆண்டு அவள் முதல்முறையாகக் கலந்துகொண்டபோது, போட்டியை வர்ணிக்கும் கிளியண்ணன், அவரும் ஒரு பச்சைக் கிளி உருவம்தான், ஊர் எது என்று கேட்டார். "ஸ்பிரிங்வெளி, பதுளை, இலங்கை" என்று தெளிவாகத்தான் சொன்னாள். "இலங்கையா, சரி சரி" என்று அவர் அவசரமாக எழுத, பலகையில் அட்டையின் பெயருக்குக் கீழே "யாழ்ப்பாணம்" என்று வந்தது. திருத்தச் சொல்வதற்குள் ஓட்டம் தொடங்கிவிட்டது.

அன்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் சொன்னபோது சிக்னல் அறுந்திருந்தது. பலகை வந்தபோது சிக்னல் திரும்பியிருந்தது.

இரவு வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா ஜெயலெட்சுமி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏம் பாப்பா, நம்ம ஊரச் சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

"நான் சொன்னேம்மா. அவங்கதான் மாத்திப் போட்டுட்டாங்க."

"சரி, சாப்புடு" என்றாள் அம்மா. அம்மா நம்பினாள். ஆனால் அடுத்த நாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரோ, "யாழ்ப்பாணத்துப் புள்ள வருது, வழி விடுங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். கெட்ட மனத்தோடு சொன்னதல்ல. இருந்தாலும் ஓர் ஆண்டு முழுவதும் அந்தச் சிரிப்பு அவளோடு பஸ்ஸில் ஏறி இறங்கியது.

இந்த ஆண்டு சீட்டில் அவளுக்குக் கிடைத்த கூட்டாளி சேவல்.

சேவல் மலேசியாவில் ஈப்போவில் இருந்து ஒளிபரப்புகிறவர். கொண்டை சிவந்த கம்பீரமான சேவல் உருவம். அதன் தலையில் இரண்டு நீண்ட கழுதைக் காதுகள். தொடர்ந்து மூன்று ஆண்டுகளாக அவர்தான் கடைசி. சீட்டைப் பிரித்ததும் எல்லாரும் அட்டைக்கு அனுதாபம் தெரிவித்தார்கள்.

பயிற்சி நாட்களில் துஷாந்தினி அவரோடு பேசிப் பேசித்தான் பழகினாள். கடை மூடிய பிறகு மேல்மாடி அறையில் இருந்து அவள் ஓட்டுவாள். ஸ்பிரிங்வெளியில் பனி இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும் என்பதால் ஸனூஸ் நானா அந்த அறையையும் தன் இணைப்பையும் அவளுக்கு விட்டிருந்தார். "ஒட்டட அடிச்சி வெச்சா போதும் புள்ள" என்றதோடு அவர் கேட்டது முடிந்தது.

"அண்ணே, வளைவுல பிரேக் போடாதீங்க. சறுக்கிக்கிட்டே திருப்புங்க."

"அண்ணனா? எனக்குப் பேத்தி இருக்கும்மா" என்றார் சேவல். "பழக்கம், அதான் பிரேக் போடுறேன். முப்பது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறேன் லா. வளைவு வந்தா கால் தானா மிதிக்குது. பின்னால புள்ளைங்க இருக்குமே."

துஷாந்தினிக்கு அதற்குமேல் அவரைக் கண்டிக்க மனம் வரவில்லை.

"காது கழண்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர் இன்னொரு நாள். "எனக்காக இல்ல. பேத்தி இந்தக் காதோடதான் என்னைய படம் வரையிறா. ஸ்கூல்ல 'என் தாத்தா'ன்னு வரையச் சொன்னாங்களாம். மீசையப் போட்டா, கண்ணாடியப் போட்டா, மேல ரெண்டு கழுதக் காதும் போட்டுட்டா. டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவர், "நீ உன் ஊருக்கு ஜெயிக்கப் பாரும்மா. என்னைய எதிர்பாக்காத" என்றார்.

போட்டி ஞாயிறு மதியம். ஆரம்பச் சுற்றுகள் முந்திய நாளே முடிந்து, அட்டையும் சேவலும் எப்படியோ இறுதிக்கு வந்திருந்தார்கள். அதில் பெரும்பங்கு அட்டையுடையது. இறுதியை நேரில் பார்க்க அம்மா ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே ரெங்கசாமி கங்காணியும் வந்தார். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேல்மாடி அறையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரேஸுன்னா நுவரெலியாவுல குதிர ரேஸு பாத்திருக்கேன். இது என்னா, பொம்ம வண்டியா?"

"ஆமா மாமா. எட்டு வண்டி. பச்சை வண்டில கூடையோட இருக்கே, அது நானு."

"அட்டையா? வெளங்கிரும்" என்றார் கங்காணி. "மலைல உன்னைய கண்டா சவுக்காரம் தேய்ப்பேன்."

துஷாந்தினி தேநீர் எடுக்கக் கீழே போனாள். அந்த நேரத்தில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் மாரியம்மனுக்கு விளக்கேற்றி எடுத்துவந்த திருநீறு அதில் இருந்தது. எதை வைத்து மகள் விளையாடப் போகிறாள் என்று இஸ்ராவிடம் கேட்டாள். இஸ்ரா கன்ட்ரோலர் என்கிற கைக்கட்டையைக் காட்டினாள். லயத்தில் புது மண்வெட்டிக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பூசுவதுபோல, அம்மா அதன் நெற்றியில் மூன்று விரலால் பட்டை இழுத்தாள். மனம் நிறையாமல் இன்னும் ஒரு கைப்பிடி எடுத்து, திருப்பும் குமிழைச் சுற்றியும் நன்றாகத் தூவினாள்.

முதல் ஓட்டத்தில் அட்டை இடது பக்கமே போனது. நேராகப் போகச் சொன்னால் இடது. வலது பக்கம் திருப்பினாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடது. துஷாந்தினி வேலியில் மோதினாள், குளத்தில் விழுந்தாள், ஏழாவதாக வந்தாள். சேவல் எட்டாவது.

"இன்னைக்கி அட்டை யாருடைய காலைத் தேடுதுன்னு தெரியலையே" என்று கிளியண்ணன் வர்ணித்தார். பார்வையாளர்கள் திரையோரம் உப்புப் படங்களைக் கொட்டினார்கள். உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழும் என்பதால், அவள் தோற்கும்போதெல்லாம் அவர்கள் உப்புப் போடுவது வழக்கம்.

ஓட்டம் முடிந்த இடைவேளையில் துஷாந்தினி கைக்கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். குமிழின் இடுக்கில் வெள்ளையாகக் கட்டிப் பிடித்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் பாப்பா. நல்லதுன்னு நெனச்சி" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. துடைச்சா போயிரும்."

இஸ்ரா கீழே ஓடிப்போய் போன் துடைக்கும் தூரிகையையும் காற்றடிக்கும் பந்தையும் கொண்டுவந்தாள். அஸர் தொழுகை முடிந்து அப்போதுதான் படியேறி வந்த ஸனூஸ் நானா ஊதப்போன மகளைத் தடுத்தார்.

"பொறு. அப்பிடி ஊதாத. கோயில்ல இருந்து வந்த சாமான், நிலத்துல விழக்கூடா."

அவர் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்தார். கைக்கட்டையை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தார். இஸ்ரா தூரிகையால் மெல்லத் தட்டத் தட்ட, திருநீறு தாளில் விழுந்தது. கடைசித் துகள்வரை விழுந்ததும் தாளை மடித்து இரண்டு கையாலும் ஜெயலெட்சுமியிடம் நீட்டினார்.

"வெச்சிக்கொள்ளுங்க தங்கச்சி. இத மகள்ட நெத்தில பூசுங்க. அங்க பூசினா ஒண்டும் இறுகாது."

அம்மா வாங்கிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பிறகு மகளின் நெற்றியில் ஒரு கீற்று இட்டாள். கடவுளுக்கு உகந்த பூசைகளில் அந்தத் தாள் மடிப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டத்தில் அட்டை பழைய அட்டையாகிவிட்டது. சென்னைக்கார ராஜாளியின் முதுகில் ஒட்டிக்கொண்டே போய் கடைசி வளைவில் முந்தியது. ராஜாளி இந்தப் போட்டியின் புலி. இரண்டு முறை முதலில் வந்தவன். "ஒட்டுண்ணி வேலை பாக்கறீங்களே, நியாயமா?" என்று அவன் கேட்டதற்கு, "உப்பு கொண்டு வந்திருக்கணும் தம்பி" என்றாள் துஷாந்தினி. உருவங்கள் எல்லாம் சிரித்தன. சேவல் மறுபடியும் எட்டாவது.

கணக்குப் போட்டார்கள். ராஜாளி அணி வெகுதூரம் முன்னால் நின்றது. அட்டையும் சேவலும் இனிக் கோப்பையைத் தொட முடியாது. மிச்சம் இருந்தது கடைசி ஓட்டமும் அதன் இரண்டு வழக்கங்களும் மட்டும். ஒருபக்கம் ஊரின் பெயர், மறுபக்கம் கழுதைக் காது.

"அட்டை, தனியாப் போ" என்றார் சேவல் காதுக்குள். "நேரா போயி பேரை வாங்கிட்டு வா."

"சரிண்ணே" என்றாள் அவள்.

கடைசி ஓட்டம் மூன்று சுற்று. மலைப்பாதை. பச்சை விளக்கு எரிந்தது. முதல் சுற்றில் அட்டை இரண்டாவது. இரண்டாம் சுற்று தொடங்கும்போது முதலாவது. பின்னால் ராஜாளி, அவனுக்கும் அவளுக்கும் நல்ல இடைவெளி. அந்த மாதம் முழுவதும் பயிற்சி செய்த வளைவுகள்; கண்ணை மூடினாலும் திரும்பிவிடுவாள். இன்னும் ஒன்றரைச் சுற்று இப்படியே போனால் போதும். அடுத்த ஆண்டு முழுவதும் பலகையில் அந்தப் பெயர் நிற்கும். பீலியடியில் யாரும் யாழ்ப்பாணத்துப் புள்ள என்று சொல்ல மாட்டார்கள்.

"நம்ம புள்ள எங்க?" என்றாள் அம்மா.

"முன்னுக்கு இரிக்காங்க. ஆக முன்னுக்கு" என்றாள் இஸ்ரா.

"அந்தச் சேவலு?"

"அவரு கடைசி."

ரெங்கசாமி கங்காணி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பந்தயம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் கண்ணில் பட்டது ஒரு மலை, அதில் எட்டுப் பேர், ஒருத்தர் மட்டும் மேலே தனியாக.

"இது என்னா ஞாயம்? அந்தச் சேவலு இன்னும் மேல் நெரைலயே நிக்குது. ஒருத்தரும் கை குடுக்கப் போகலியா?" என்று மலையில் கூவுகிற குரலிலேயே கேட்டார்.

இஸ்ரா சிரித்தாள். ஸனூஸ் நானாவும் சிரித்தார். துஷாந்தினி சிரிக்கவில்லை.

மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. தன் நிரையை முடித்தவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தனியாக இறங்கிப் போகமாட்டாள். பின்தங்கியவளின் நிரைக்குப் போய் மறுமுனையில் இருந்து கொய்துகொண்டு வருவாள். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள். துஷாந்தினியும் பள்ளிக்கூட விடுமுறைகளில் கொழுந்தெடுத்தவள்தான். அவளுக்குக் கை மெதுவு. ஒருநாள்கூட அவள் தன் நிரையைத் தனியாக முடித்ததில்லை. எதிரே செடிகளுக்கு மேலே யாராவது ஒருத்தியின் தலைத்துண்டு தெரிந்துவிடும்.

பலகையில் ஸ்பிரிங்வெளி என்று எழுதுவதற்காக ஓடுகிறேன், என்று அவள் நினைத்தாள். ஸ்பிரிங்வெளியில் இப்படி ஓடமாட்டார்களே.

அவள் விரலைத் தளர்த்தினாள்.

அட்டை பாதையோரமாக ஒதுங்கி நின்றது. ராஜாளி சர்ரென்று கடந்து போனான். ஒன்று, இரண்டு என்று எல்லா வண்டிகளும் போயின.

"அட்டைக்கு என்ன ஆச்சு? யாரோ நிஜமாவே உப்புப் போட்டுட்டாங்க" என்றார் கிளியண்ணன். திரையோரம் உப்பு மழையாகக் கொட்டியது.

"புள்ள, இணைப்பு போயிட்டா?" ஸனூஸ் நானா எழுந்துவிட்டார்.

"இல்ல நானா. இருக்கு."

கடைசியாகச் சேவல் வளைவில் பிரேக் போட்டுக்கொண்டு வந்தார். "அட்டை, என்னம்மா இங்க நிக்கிற? போ, போ."

"இவ்வளவு நாளும் நான்தானே எல்லாரையும் ஒட்டிக்கிட்டுப் போனேன். இன்னைக்கி நீங்க என்னைய ஒட்டிக்குங்க. என் கூடைய மட்டும் பாருங்க. நான் திரும்பினா திரும்புங்க. பிரேக்க மறந்துருங்க. பின்னால புள்ளைங்க இல்லண்ணே, முன்னால நான் இருக்கேன்."

சேவல் வண்டி அட்டையின் முதுகோடு வந்து ஒட்டியது.

கடைசிச் சுற்று தொடங்கியது. பின்தங்கியவர்களுக்கு நல்ல பெட்டி கிடைக்கும் என்ற விதி இப்போது வேலை செய்தது. அட்டைக்கு ஒரு ராக்கெட் கிடைத்தது. அதன் இழுப்பில் இருவரும் இரண்டு வண்டிகளைக் கடந்தார்கள். எதிரில் எண்ணெய் கிடந்தால் அவள் முன்கூட்டியே விலகுவாள். சேவலும் அதே தடத்தில் விலகுவார். சேவலுக்குக் கவசம் கிடைத்தது. "இப்ப போடுங்க" என்றாள். போட்டார். பக்கத்தில் இடித்த டொரன்டோக்காரர் வேலிக்கு அப்பால் பறந்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். வளைவுகளில் சேவல் பிரேக்கைத் தொடவேயில்லை.

"இது என்ன, ரெண்டும் ரயில் பெட்டி மாதிரி வருது" என்று கிளியண்ணனின் குரல் ஏறியது. "ஐந்தாவது, நான்காவது, இதோ மூன்றாவது. சேவல், நம்ம கழுதைக்காதுச் சேவல்தான்."

அறையில் கங்காணி எழுந்து நின்றிருந்தார். "ஆங், அப்பிடி வா. சேந்து வா, சேந்து வா."

கடைசி நேர்ப்பாதை. முன்னால் ராஜாளி மட்டும். அவன் திரும்பிப் பார்த்து, கையிருந்த எண்ணெயைக் கொட்டினான். அது பாதையின் நடுவில், அட்டைக்கு நேர் எதிரே விழுந்தது. அவள் விலகலாம். ஆனால் இது மிக அருகில் விழுந்தது; அவள் விலகினால் பின்னால் ஒட்டி வரும் சேவலுக்குத் திரும்ப நேரம் இருக்காது. அவர் அதில் ஏறிவிடுவார்.

"அண்ணே, வலது பக்கம் வெளிய போங்க. இப்பவே. முழு வேகம்."

சேவல் வலது பக்கம் பாய்ந்தார். அதுவரை சேர்ந்திருந்த காற்றின் வேகம் முழுவதும் அவரைத் தூக்கி எறிந்தது. அட்டை எண்ணெயில் ஏறிச் சுழன்றது. சுற்றிச் சுற்றிச் சுழன்ற திரையில் துஷாந்தினிக்கு ஒரு கணம் வானம், ஒரு கணம் வேலி, ஒரு கணம் அந்தச் சிவந்த கொண்டை. ராஜாளிக்கும் சேவலுக்கும் நடுவே ஓர் அலகு தூரம்தான். முதலில் கோட்டைத் தொட்டது அலகு.

அட்டை சுழன்று நிற்பதற்குள், அவர்கள் முன்பு முந்திவந்த எல்லாரும் அவளைக் கடந்துவிட்டார்கள். அவள் கடைசியாக வந்து கோட்டைத் தொட்டாள்.

கிளியண்ணன் எந்த வர்ணனையும் இல்லாமல், தன் சொந்தக் குரலில், "சேவல் முதலாவது" என்றார். சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் யார் யாரோ கத்துவது கேட்டது. ராஜாளி தன் உருவத்தின் இறக்கைகளை விரித்துக் கைதட்டினான். கோப்பை அவன் அணிக்குத்தான் போனது. அதைப் பற்றி அவனே பேசவில்லை.

"சேவலண்ணே, காதைக் கழற்றுங்க" என்றார் கிளியண்ணன்.

மூன்று ஆண்டு இருந்த காதுகள் கழன்று, திரையைக் கடந்து மிதந்து வந்து அட்டையின் தலையில் உட்கார்ந்தன. காதே இல்லாத பிராணிக்கு இரண்டு நீண்ட காதுகள். துஷாந்தினி தலையை ஆட்டிப் பார்த்தாள், காதுகள் ஆடின. அறையில் முதலில் சிரித்தது அம்மாதான்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றாள்.

"இனி ஊர்ப் பெயர்" என்றார் கிளியண்ணன். "ஈப்போக் கோப்பை என்று எழுதட்டுமா?"

சேவல் தொண்டையைச் செருமினார். "அட்டை, உன் ஊர்ப் பேரை முழுசா சொல்லும்மா."

"அண்ணே, நீங்க ஜெயிச்சது. உங்க ஊரு பேரை வைங்க."

"ஈப்போவை எல்லாருக்கும் தெரியும், அதுக்கு என் தயவு வேணாம். நான் பொறந்தது ஒரு ரப்பர் தோட்டத்துல. எங்க வீடும் லயம்தான். அந்தத் தோட்டத்தை வித்து இப்ப கோல்ஃப் ஆடுறாங்க. மேப்புல தேடினா பேரே வராது. உன் தோட்டம் இருக்குல்ல? அது இருக்கும்போதே பேரை எழுதிருவோம் லா."

துஷாந்தினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மைக் திறந்தே இருந்தது. அவள் சொல்லும்வரை பொறுக்க முடியாமல் பின்னால் இருந்து ரெங்கசாமி கங்காணி, காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார்.

"ஸ்பிரிங்வெளி. பதுளைப் பக்கம். எழுதிக்குங்க தம்பி."

எங்கெங்கோ இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

"ஐயா யாரு?" என்றார் கிளியண்ணன்.

"நான் கங்காணி."

"சரிங்க கங்காணி ஐயா. போன வருஷம் நான் தப்பா எழுதிட்டேன். இந்தத் தடவை எழுத்துக் கூட்டி எழுதறேன், நீங்களே பாருங்க." பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்பிரிங்வெளிக் கோப்பை. அதற்குக் கீழே கழுதைக் காதோடு ஓர் அட்டை.

அம்மா திரைக்கு அருகே போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கேமராவில் முகம் மறைந்ததால் திரையில் அட்டை கண்ணை மூடி நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உப்புக்குப் பதிலாகப் பச்சை இலைகளைக் கொட்டத் தொடங்கினார்கள். யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. சேவலின் பேத்தி மைக்கில் வந்து, "தாத்தா, உங்க காது எங்க போச்சு?" என்று அழுவதும், அவர் அவளுக்கு அட்டையைக் காட்டிச் சமாதானம் சொல்வதும் கேட்டது.

ஸனூஸ் நானா அன்று கடையைத் திறக்கவேயில்லை. அவர் மனைவி ஸுலைஹா வீட்டில் இருந்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்பம் கொடுத்துவிட்டிருந்தாள். அதை அவர்கள் மேல்மாடியில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கங்காணி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மாலையில் லேசாகத் தூறியது. மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். அங்கே தினமும் நிற்கும் அதே பஸ் நின்றது. அதன் கதவில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் தினமும் கூவுவதைக் கூவிக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங்வெளி, ஸ்பிரிங்வெளி, ஸ்பிரிங்வெளி."

துஷாந்தினி நின்றுவிட்டாள். எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்ட கூவல்தான்.

ரெங்கசாமி கங்காணி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். "பாத்தியா, அதுக்குள்ள இவனுக்கும் சேதி போயிருச்சு" என்றார்.